லொறியில் வந்த சீர்

1

நம்மூர்ப் பையன்கள் சிலர் மோட்டார் வேலை கற்றுக்கொள்ளப் பதுளைக்கு வரலாமா என்று, ஊருக்குப் போய்த் திரும்பிய எங்கள் தெருப் பால்காரரிடம் கேட்டனுப்பியிருக்கிறீர்கள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. போன மாதம் என் சின்ன மகள் ராசாத்தி பெரியவளானாள். சிரித்துப் பேசிச் சர்க்கரை கொடுக்க வேண்டிய வீட்டில், என் மனைவி பொன்னாத்தா அடுப்படியில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். அந்த அழுகைக்கும் இந்த மோட்டார் வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வேலையைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் பாதியோடு மடித்து வைத்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

இங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிங்களவர்களும் தமிழர்களும் 'பாஸ்' என்பார்கள். தச்சன், கொத்தன், மோட்டார் பழுது பார்ப்பவன் எல்லாருமே இந்த நாட்டில் பாஸ்தான். துரைமார் மட்டும் 'மெக்கானிக்' என்பார்கள், அதுவும் வண்டி ஓடாதபோது. ஓடிவிட்டால் நான் அவர்கள் கண்ணில் படமாட்டேன்.

பட்டறை கடைத்தெருக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி இராமநாதபுரம் பக்கத்துக்காரர். அரிசிக் கடையும் துணிக் கடையும் நடத்தி வந்த குடும்பம். லொறி வாங்கினால் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போய், திரும்பும்போது தேயிலைப் பெட்டி ஏற்றி வரலாமே என்று இந்தத் தொழிலில் இறங்கினார். லொறி ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. மூன்றையும் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு.

பையன்கள் நினைப்பதுபோல் இது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கும் வேலை இல்லை. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கும். எந்த வளைவில் ஓடைத் தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கைப்பிடியைப் போட்டுச் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். அது எதிர்ச்சுற்று அடித்தால் மணிக்கட்டு போய்விடும். எனக்கு ஒரு தடவை போயிற்று. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. சின்னத் துரையின் காரில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் அது ஏறாது. டாங்கி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. வண்டி மூக்கைத் தூக்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு வராது. அப்போது வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலையேற்ற வேண்டும். நான் முதல் தடவை அப்படி ஏற்றியபோது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள்.

"பாஸு, தொர இப்ப போறாரா, வாராரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

துரைக்குத் தமிழ் தெரியும். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இறக்கம் இன்னும் மோசம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்கள் சிலரைப் பள்ளத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கியிருக்கிறோம். கிளீனராக வருகிறவன் கையில் ஒரு கட்டையோடு வண்டியின் ஏறுபலகையில் நிற்க வேண்டும். வண்டி வழுக்கினால் குதித்துச் சில்லுக்கு, நீங்கள் சொல்லும் சக்கரத்துக்கு, அடியில் அதைக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்கிறவன் முதலில் இந்தக் கிளீனர் வேலையைத்தான் பார்த்தாக வேண்டும். அப்புறம் வண்டி ஓட்டுவதில் கை பழகினால் டிரைவர், என்ஜினில் பழகினால் பட்டறை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர் யாரும் கிடையாது. திட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து தெரிந்தால் ரொம்ப நல்லது. எனக்குத் தெரியாத காலத்தில், உடைந்த சாமானைச் சாக்கில் சுற்றிக் கொழும்புக்கு அனுப்பி, 'இதே மாதிரி ஒன்று' என்று கேட்டு வாங்கினேன். அவர்கள் சில சமயம் உடைந்ததையே மினுக்கித் திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் வேலை இருக்கிறது. இனிமேல் இன்னும் வரும். வருகிறவன் பட்டினி கிடக்கமாட்டான். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வரலாம்.

2

லைசென்ஸ் எடுக்கப் போனதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வண்டியை நன்றாகத்தான் ஓட்டிக் காட்டினேன். மேசைக்கு முன்னால் நிறுத்தியதும்தான் தடுமாறிப்போனேன்.

"சொந்த ஊர்?" என்றார் சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர்.

"பதுளைங்க."

"அது நீ இருக்கிற ஊர். சொந்த ஊர்?"

நம்மூர்ப் பெயரைச் சொன்னேன். இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிவிட்டு, அலுத்துப்போய் 'இந்தியா' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு தடவை ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, சிலோனுக்குப் போகிறவர்களை நோய் இருக்கிறதா என்று சோதிக்கும் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்தார்கள். நான் லைசென்ஸ் உள்ளவன், பட்டறைக்காரன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்துக்குப் போகிறவர்களோடு வரிசையில் உட்காரவைத்து மருந்துத் தண்ணீர் தெளித்தார்கள். அங்கேயும் ஒருவர் மேசை போட்டுக்கொண்டு, வீடு எங்கே என்றார். இந்தத் தடவை உஷாராக நம்மூரைச் சொன்னேன். "அங்கிருந்துதானே வர்றே. போற எடம் எது?" என்று அதட்டிவிட்டு, 'சிலோன்' என்று எழுதினார். இந்தக் கரையில் இந்தியா, அந்தக் கரையில் சிலோன். எங்கே போனாலும் நான் மற்றக் கரைக்காரன்தான்.

இந்த நாட்டுக்கு என்னைக் கூட்டிவந்தவர் வீரணன். பொன்னாத்தாவின் அண்ணன், எனக்கு மச்சான். தாய் தகப்பன் இரண்டு பேரும் காலராவில் போன பிறகு, அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான். லுணுகலையில் மாட்டு வண்டி வைத்துத் தோட்டத்துத் தேயிலை ஏற்றிக்கொண்டிருந்தார். தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்து, எங்கள் இருவரையும் தன் கூடவே அழைத்து வந்தார். அவளுக்கு ஊரில் போய்த் தங்க ஒரு வீடு கிடையாது. லுணுகலையில் அண்ணன் குடியிருந்த தகர வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. என் பிள்ளைகள் மூன்றையும் அவள் அங்கே போய்த்தான் பெற்றெடுத்தாள். எங்களுக்குள் சண்டை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போவதும் அங்கேதான். பின்னாலேயே போய் நிற்பேன். "வாங்க மாப்ள, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க, கோவம் தீரட்டும்" என்பார். யார் கோபம் என்று சொல்லமாட்டார்.

தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜினுக்கு எண்ணெய் போடும் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். பதுளை முதலாளி என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டபோது அவரிடம்தான் போய்க் கேட்டேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"மோட்டாருங்கிறது சாணி போடாத மாடு. அத வச்சிருக்கவன் வயலுக்கு எருவுக்கு எங்க போவான்? ஆனா ஒங்களுக்கு என்ஜின் கை இருக்கு மாப்ள. போங்க. நம்ம பொன்னாத்தாளும் டவுன்ல இருக்கட்டும்."

3

அந்தக் காலத்தில் அவரிடம் வண்டிகள் வரிசையாக நின்றன. லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளை, அங்கிருந்து பண்டாரவளை ரயிலடி. போகும்போது தேயிலை, வரும்போது அரிசியும் கருவாடும். வழியில் இருந்த கடைக்காரர்கள் அவர் மாட்டு மணியைக் கேட்டே அடுப்பில் கேத்தலை வைப்பார்கள். அவரைத் தெரியாத வளைவு அந்தப் பாதையில் இல்லை.

லொறி வந்ததும் எல்லாம் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் அவசரப் பெட்டிகள் மட்டும் லொறியில் போயின. மழைக்காலத்தில் லொறி சேற்றில் மாட்டிக்கொள்ளும், அப்போது துரைமார் வண்டிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஒருமுறை எங்கள் லொறிக்கே அச்சு முறிந்து பசறைக்கு அப்பால் படுத்துவிட்டது. வீரணன் இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி அதைப் பதுளை வரை இழுத்து வந்தார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன், அவர் முன்னால் நடந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "மாப்ள வண்டி. சோந்து போச்சு, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்குப்போல் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு பாதையைச் செப்பனிட்டார்கள். முதலாளி இரண்டாவது லொறி எடுத்தார். ரயிலும் தெமோதரை மலையைச் சுற்றிப் பதுளைக்கே வந்துவிட்டது. வீரணன் ஒவ்வொரு வண்டியாக விற்றார். கடைசி ஜோடி மாட்டைப் பிபிலைப் பக்கம் வயல் வைத்திருந்த சிங்களவர் ஒருவருக்குக் கொடுத்தார். இறைச்சிக்குக் கேட்டவர்கள் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. அதன் பிறகு லுணுகலைக் கடை ஒன்றில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனார்.

எங்களை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் குறைந்தது. பொன்னாத்தா ஆள் மேல் ஆள் அனுப்புவாள். வேலை இருக்கிறது என்று பதில் வரும்.

4

என் மூத்த மகள் செல்லம்மா பெரியவளானபோது நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும். தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் மாலை அவர் கையால்தான் விழ வேண்டும். கடல் தாண்டி வந்து எங்கள் ஆட்கள் எத்தனையோ முறைகளை விட்டுவிட்டார்கள், இதை விடவில்லை.

வீரணன் சீர் கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பினார். பொன்னாத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்புறம் திடீரென்று யோசனை வந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணங்கிட்ட வண்டி இல்லயே. சீரத் தலையில வச்சா கொண்டு வரும்? பாக்குறவங்க என்ன பேசுவாங்க? மொதலாளிகிட்டச் சொல்லி லொறிய அனுப்புங்க."

முதலாளி நல்ல மனுஷர். கேட்டதும் சரி என்றார். புது லொறியையே கழுவி, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு அனுப்பினார். மாமனை ராஜா மாதிரி அழைத்து வர வேண்டும் என்று பொன்னாத்தா டிரைவரிடம் திருப்பித் திருப்பிச் சொன்னாள். விடியும் முன்பே லொறி புறப்பட்டது.

முற்பகலில் திரும்பி வந்து நின்றது. மேளம் கொட்டினார்கள். பெண்கள் ஆரத்தியோடு ஓடினார்கள். லொறியில் தாம்பாளங்கள் இருந்தன. தேங்காய், பழம், வெல்லம், பட்டுச் சேலை, ஈரத் துணியில் சுற்றிய மாலை. ஒரு குறையும் இல்லை. மாமன் மட்டும் இல்லை.

டிரைவர் பியதாச சிங்களவர். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். "ஐயா சாமான் எல்லாம் ஏத்தினது. நான் ஏறுங்க ஏறுங்க சொன்னது. அவர் இல்லை சொன்னது. நீ போ, நான் பின்னாலே வாறது, சொன்னது" என்றார்.

காத்திருந்தோம். செல்லம்மா மணையில் உட்கார்ந்திருந்தாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பொன்னாத்தா பசறைப் பாதை தெரியும் இடத்தில் போய் நின்றுகொண்டு வர மறுத்தாள். கடைசியில் பெண்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "மொறைக்கு ஒரு அண்ணன் நின்னாப் போதும், நம்ம மொதலாளியையும் நீ அண்ணேன்னுதானே கூப்புடுற?" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி கூச்சப்பட்டார், பிறகு சம்மதித்தார். வீரணன் கட்டிக்கொடுத்தனுப்பிய மாலையை எடுத்து, முதலாளி என் மகள் கழுத்தில் போட்டார். பந்தி நடந்தது. எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீரணன் வந்தார். வேட்டியில் முழங்கால் வரை புழுதி. லுணுகலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். செருப்பு அறுந்து கையில் இருந்தது.

வாசலில் நின்றபடியே செல்லம்மாவைப் பார்த்தார். கழுத்தில் மாலை இருந்தது.

"யாரு போட்டா?"

பொன்னாத்தாதான் சொன்னாள். "மொதலாளி அண்ணன் போட்டாரு. நேரமாயிருச்சுன்னாங்க."

"நல்லதுதான்" என்றார்.

செல்லம்மாவுக்குத் திருநீறு பூசினார். இலை போடப் போனபோது, வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். பொன்னாத்தா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "லொறியில ஏறியிருந்தா என்னண்ணே? ஒனக்குத்தானே அனுப்புனேன்!"

"தெரியும் ஆத்தா" என்று அவள் தலையைத் தடவினார். "நீ ஆசையாத்தான் அனுப்புன. நான்தான்…" என்று ஆரம்பித்து, சொல்லாமலே நிறுத்திக்கொண்டார்.

அவர் ஏன் ஏறவில்லை என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பசறைக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். மருமகள் விசேஷத்துக்கு மாட்டு வண்டியில்தான் வந்து இறங்குவது என்று வீரணன் முடிவாக இருந்தாராம். பசறையில் அவரோடு தொழில் செய்த பழைய கூட்டாளியின் வண்டியைச் சொல்லிவைத்திருந்தாராம். லுணுகலையிலிருந்து பசறை வரை நடந்து வந்து பார்த்தால், கூட்டாளி அதற்கு முந்தின வாரமே வண்டியை விற்றுவிட்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு வண்டி கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கடை வாசலில் நின்றுவிட்டு, மறுபடி நடக்க ஆரம்பித்தாராம். லொறி மேல் கோபம் இல்லை, எங்கள் மேலும் இல்லை. ஆனால் அவர் அத்தனை தூரம் கால் நோக வந்து பார்த்தபோது, அவர் இடத்தில் இன்னொருவர் நின்று முடித்திருந்தார். அதுவும் லொறி முதலாளி.

சில மாதத்தில் அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். போகிறேன் என்று சொல்லவில்லை. பதுளை ஸ்டேசனில் ஏறினால் தங்கை வந்து நிற்பாள் என்று, தெமோதரைக்கு நடந்து போய் அங்கே ரயில் ஏறியிருக்கிறார். செய்தி கேட்டுப் பொன்னாத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்களுக்குள் சண்டை வந்தால் இப்போது அவள் மூட்டை கட்டுவதில்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

5

பிள்ளைகளுக்கு இது எதுவும் உறைப்பதில்லை. பையன் கந்தசாமி கொழும்பில் ஒரு பெரிய மோட்டார் பட்டறையில் வேலை பழகுகிறான். தீபாவளிக்கு வந்தால் என்னிடமே கார்புரேட்டரைப் பற்றி வியாக்கியானம் செய்கிறான். அதில் எனக்குப் பெருமைதான். கூட வந்த சிநேகிதனிடம் மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் 'டிரான்ஸ்போர்ட்' நடத்தினார் என்றான். மாடு என்ற சொல் வாயில் வரவில்லை. பொன்னாத்தாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாதது நல்லதாய்ப் போயிற்று. செல்லம்மா கல்யாணமாகி அப்புத்தளைப் பக்கம் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு வரச்சொல்லி நான்கு பேர் மூலமாகச் சொல்லியனுப்பினோம். வீரணன் வரவில்லை.

சின்னவள் ராசாத்தி மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வாத்தியாரம்மா சொல்வதெல்லாம் வேதவாக்கு. சடங்கு வேண்டாம், வெட்கமாக இருக்கிறது என்று ஒரே பிடிவாதம். "மாமா எப்படிம்மா இருப்பாரு? எனக்கு மொகமே ஞாபகம் இல்ல" என்றாள் ஒருநாள். அன்றைக்குத்தான் பொன்னாத்தா அடுப்படியில் உட்கார்ந்து அழுதது.

ஊருக்குச் சொல்லியனுப்பிக் காத்திருந்தோம். ஒரு வாரம், அப்புறம் இன்னொரு வாரம். பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பதில் இல்லை. முடிவில் நேற்று நாலு பேரை மட்டும் கூப்பிட்டுச் சடங்கை வைத்தோம். மணைக்கு முன்னால், மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். போன தடவை மாதிரியே பெண்கள் ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தலாம், முதலாளியையே மறுபடி நிற்கச் சொல்லலாம் என்றார்கள். முதலாளியும் பின்னால் தலைகுனிந்து நின்றிருந்தார்; பழையது அவருக்கும் மனசில் இருக்கிறது.

பொன்னாத்தா மாலையை எடுத்துக்கொண்டு தானே ஜமுக்காளத்தில் போய் நின்றாள்.

"பொம்பள போடுறது மொறையில்ல பொன்னாத்தா" என்றார்கள்.

"எங்கண்ணன் இல்லாமப் போகல. வரல, அம்புட்டுத்தான். அந்த எடத்துல இன்னொரு ஆம்பளய நிறுத்துனாத்தான் இல்லாமப் போகும். ஒரு தடவ நிறுத்துனோம், போயிருச்சு."

அவளே மாலையைப் போட்டாள். ராசாத்தி எழுந்து, மாமன் காலில் விழும் முறைக்காகக் குனிந்தாள். பொன்னாத்தா சட்டென்று ஜமுக்காளத்தை விட்டு இறங்கிச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கிற பிள்ளை, அப்போது ஒன்றும் கேட்கவில்லை. வெறும் ஜமுக்காளத்தில் விழுந்து கும்பிட்டாள். யாரோ திருநீறு பூசுவார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் தலையைத் தூக்காமலே இருந்தாள்.

வீரணனைப் பார்த்தால், இதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.